உடுத்த சிலை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் வழக்கு. ஆளுக்குச் சொல்லிய இம்மொழி சிலைக்கும் பொருந்துமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் வினா. இது வீண் வினாவன்று. இக்காலத்துக் கலைக்கூடங்களில் ஒரு வழக்கம் பெருகி வருகின்றது. ஓர் அறை முழுவதையுமோ ஒரு முற்றம் முழுவதையுமோ ஒரே கலைப்பொருளாக அமைத்து, காண்போர் அதனைச் சுற்றிவந்தும் அதன் ஊடே நடந்தும் காணுமாறு செய்கின்றனர். இதனைத் தமிழில் நிறுவுகலை என்று வழங்குகின்றனர். இந்நிறுவுகலையிற் சிற்பியும் உடை வகுப்போரும் ஒருங்குகூடித் தொழில் செய்தலை இன்று காண்கின்றோம். கல், மரம், உலோகம் என்பவற்றோடு பட்டும் பருத்தியும், தைத்த சட்டையும் கிழிந்த சேலையும் சிற்பத்திற்குரிய பொருள்களாகிவிட்டன.

இதுபற்றி இருவகைக் கருத்துகளைக் கேட்கின்றோம். ஒரு சாரார், “சிற்பம் நிலைபேறுடையது, உடைப்பாணியோ ஆண்டுதோறும் மாறுவது, இரண்டையும் கூட்டுதல் சிற்பத்தைத் துணிக்கடை வாயிலில் நிற்கும் பொம்மையாக்குதலேயாம்” என்பர். மற்றொரு சாரார், “இது மேனாட்டார் கண்ட புதுமை, நாமும் விரைந்து கைக்கொள்ளாவிடிற் பின்தங்குவோம்” என்பர். இவ்விரண்டும் பொருந்தா என்பது எம் கருத்து. முன்னவர் உடை செய்யும் தொழிலை எண்ணிப் பார்த்திலர். பின்னவர் தம் ஊரையே எண்ணிப் பார்த்திலர்.

ஊரினின்றே தொடங்குவோம். புதுச்சேரியினின்று மரக்காணம் நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர், விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்த கீழ்புத்துப்பட்டு என்னும் ஊரைக் கடந்து செல்வர். அங்கே மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலும் அதனைச் சூழ்ந்த பழங்காடும் உள்ளன. முற்காலத்தில் இக்கடற்கரைச் சமவெளியிற் பரந்திருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் அக்காடு. சாமிக்குரிய மரத்தை வெட்டலாகாது என்னும் அச்சமே அதனைக் கோடரியினின்று காத்தது. தாவர நூலாரும் அங்குச் சென்று மரங்களை எண்ணி ஆராய்ந்திருக்கின்றனர். அக்கோயிலைக் குலதெய்வக் கோயிலாகக் கொண்ட குடும்பங்கள் பல. குதிரைகளும் யானைகளும் வண்ணம் பூண்டு அங்கே நிற்கின்றன. நேர்ந்துகொண்டவர் தம் நேர்ச்சையைச் செலுத்திச் செல்கின்றனர்.

நிறுவுகலைக்கு இக்காலத்தார் கூறும் இலக்கணங்கள் யாவை? காண்போன் வெளியே நின்று நோக்காது உள்ளே நுழைதல் வேண்டும். இடமும் கலைப்பொருளின் ஓர் உறுப்பாதல் வேண்டும். உருவங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பொருள் தருதல் வேண்டும். காலம் செல்லச் செல்ல அது மாறுதற்கும் இடங்கொடுத்தல் வேண்டும். இவ்விலக்கணங்கள் யாவும் ஐயனார் தோப்பிற்கு முற்றும் பொருந்துகின்றன. அதனைச் செய்தவர் அதற்கு அப்பெயரிட்டிலர். அவர் வேண்டியது வழிபாடேயன்றிக் கலைப்பெயரன்று. வேறுபாடு அவ்வளவே.

இனி உடையை நோக்குவோம். தமிழ்நாட்டு ஐயனார் கோயில்கள் பலவற்றிற் காவல் வீரர் உருவங்களைக் காணலாம். முறுக்கிய மீசையும் தலைப்பாகையும் பழையன. ஆயினும் அரைக்காற்சட்டையும் இடைவாரும் காலிற் பூட்சும் எங்ஙனம் வந்தன? கும்பினிச் சிப்பாயும் போலீஸ்காரனும் ஊருக்குள் வந்த பின்னர், காவலன் என்றால் இவ்வுடையினன் என்று குயவர் கண்டனர். தாம் கண்டவாறே தெய்வத்தின் காவலனுக்கும் உடுத்தினர். உடைப்பாணி சிற்பத்தினுள் புகுந்தது. அதனால் அவ்வீரர் இழிந்தவராகவில்லை. ஊரார் கண்ணுக்கு உண்மையான காவலர் ஆயினர்.

வண்ணத்தால் உடுத்துதலோடு இது நிற்கவில்லை. சிவகங்கை, புதுக்கோட்டை முதலிய தென்பகுதிகளிற் புரவி எடுப்பு என்றொரு விழா உண்டு. குயவர் வனைந்து சுட்டு வண்ணந்தீட்டிய மண்குதிரைகட்கு மாலையும் துணியும் சாத்தி, தோள்மேல் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டு சென்று ஐயனார் கோயிலிற் சேர்ப்பர். புதுக்கோட்டை மாவட்டத்துக் குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலின் குதிரைச் சிலை 33 அடி உயரமுடையது. மாசிமகத்தன்று மக்கள் வண்ணக் காகிதத்தாற் கட்டிய நெடுமாலைகளை ஊர்திகளிற் கொண்டுவந்து அக்குதிரைமேற் சாத்துகின்றனர். மாலைமேல் மாலை ஏற ஏற உருவம் மறைந்து, வண்ணக்குவியலொன்றே கண்ணுக்குத் தோன்றும். விழா முடிந்தபின் மாலைகள் நீங்கும். குதிரை மீண்டும் வெளிப்படும். மறு ஆண்டு மீண்டும் மறையும்.

இதில் அடங்கிய உண்மை ஒன்றுண்டு. சிலையைச் செய்தவர் சிலர். அதனை உடுத்துபவரோ ஊரார் அனைவரும். குதிரையை வனையும் திறம் எல்லார்க்கும் இல்லை. ஒரு துண்டைச் சாத்தும் உரிமை எல்லார்க்கும் உண்டு. அன்றியும், சிலை நெடுங்காலம் நிற்பது. துணி விரைவில் நைவது. நைவதனாலேயே அதனை மீண்டும் மீண்டும் புதுப்பிக்க வேண்டியுள்ளது. புதுப்பிக்கும்போதெல்லாம் உயிருள்ள ஒருவன் அச்சிலையின் அருகே வருகின்றான். ஆகவே உடையின் நிலையாமை சிலைக்குக் குறையன்று. சிலையை மனிதரோடு பிணிக்கும் கயிறு அதுவே. உடைப்பாணி மாறுவது என்று பழிப்போர் இதனை மறந்தனர்.

இவ்வுண்மை கிராம தேவதைகட்கு மட்டும் உரியதென்று கருதற்க. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை நோக்குக. தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள, திருவெண்காட்டிற் கிடைத்த ரிஷபவாகன தேவர் திருமேனி 1011-ஆம் ஆண்டை ஒட்டியது. அதன் இடையாடையின் மடிப்பையும் கரையையும் சிற்பி உலோகத்திலேயே வடித்துவிட்டான். அங்ஙனமாயின், இத்தகைய திருமேனிகட்குக் கோயிலில் அருச்சகர் மீண்டும் பட்டு உடுத்துவது எற்றுக்கு? சிற்பி உடுத்தியது என்றும் மாறாதது. அருச்சகர் உடுத்துவது இன்றைக்கு உரியது. கோயிலுக்கு இரண்டும் வேண்டும். அருங்காட்சியகத்தில் நாம் காணும் திருமேனி பட்டு நீங்கியது. அங்கே சிற்பியின் திறத்தை முழுதும் காண்கின்றோம். ஆயினும் அவ்வுருவம் பெற்றிருந்த வாழ்வின் ஒரு பாதியை இழந்தே காண்கின்றோம்.

கிறிஸ்தவ உலகத்திலும் இவ்வழக்கம் புதிதன்று. ப்ராக் நகரிற் கார்மேல் சபைத் துறவியருக்கு 1628-இல் அளிக்கப்பட்ட குழந்தை இயேசுவின் உருவத்திற்குத் திருநாட்களுக்கு ஏற்ப உடை மாற்றுகின்றனர். பல நாட்டார் அனுப்பிய உடைகள் அங்குச் சேர்ந்துள்ளன. அத்துணைத் தொலைவு செல்வானேன்? வேளாங்கண்ணியில் ஆரோக்கிய அன்னையின் திருவுருவம் சேலையுடுத்து விளங்குகின்றது. மகவை ஏந்திய நிலை ஐரோப்பியச் சிற்ப மரபினது; உடுத்த சேலையோ தமிழ்நாட்டுத் தாய்மாருடையது. அயலார் தந்த சிலையைத் தமிழ் மக்கள் எங்ஙனம் தம்முடையதாக்கிக்கொண்டனர் என்று கேட்பார்க்கு அச்சேலையே விடை. உருவ வழிபாடுபற்றி நம்முள் வேறு கொள்கையுடையாரும் உளர். அவரும் இவ்வரலாற்று உண்மையை மறுக்கார்.

இம்மரபுகளை மனத்திற் கொண்டு மேனாட்டுக் கலைக்கூடத்தை நோக்கினால், அங்கு நிகழ்ந்தது நன்கு விளங்கும். 1881-இல் பாரிஸ் நகரில் எட்கார் டெகா என்பார் பதினான்கு வயது நடனச் சிறுமியின் உருவத்தை மெழுகிற் செய்து காட்சிக்கு வைத்தார். அதற்கு உண்மையான துணியாற் சட்டையும் நடனப் பாவாடையும் அணிவித்தார். தலையிற் பொய்ம்மயிரும் நாடாவும், காலில் நடனச் செருப்பும் சேர்த்தார். இதுவும் சிற்பமோ என்று பலர் சினந்தனர். அச்சிறுமி மாரி வான் கோத்தெம் என்பவள். ஆடை வெளுத்துப் பிழைத்த ஏழைத் தாயின் மகள். கல்லில் ஒரு தேவதையைக் கண்டு மகிழப் பழகிய செல்வர்க்கு, தம் ஊர் நாடகசாலையிற் கூலிக்கு ஆடும் ஏழைச் சிறுமி தன் உடையோடு எதிரில் நின்றது பொறுக்கவில்லை. 1917-இல் டெகா இறந்த பின்னர் அவ்வுருவத்தை வெண்கலத்தில் வார்த்தனர். அவ்வெண்கலச் சிறுமியர் இன்று பல அருங்காட்சியகங்களில் உள்ளனர். அவர் பாவாடை இன்றும் துணியே. துணி நைந்தால் அருங்காட்சியகத்தார் புதுப்பாவாடை தைத்து உடுத்துகின்றனர். குளமங்கலத்தார் மாசிதோறும் செய்வதற்கும் இதற்கும் பெருவேறுபாடு இல்லை.

பின்னர் 1938-இல் பாரிஸ் நகரில் சர்ரியலிசக் கலைஞர் நடத்திய கண்காட்சியில், துணிக்கடைப் பொம்மைகள் பதினாறைத் தெருவில் நிற்கும் மகளிர்போல் வரிசையாக நிறுத்தினர். ஒவ்வொரு கலைஞரும் ஒவ்வொன்றை உடுத்தினர். மார்செல் டூஷாம் என்பார் தம்முடைய சட்டையையும் தொப்பியையுமே ஒரு பொம்மைக்கு அணிவித்தார். கடை வாயிலில் நின்றபோது அப்பொம்மை, ‘இதனை வாங்கு’ என்று மட்டும் சொல்லியது. கண்காட்சியில் நின்றபோதோ, ‘உடை என்பது யாது? அதனை உடுத்தவர் யார்?’ என்று வினவியது. பொம்மை ஒன்றே, வினா வேறாயிற்று.

நம் காலத்தில் இவ்வினாவை இன்னும் ஆழமாக எழுப்பியவர் யிங்கா ஷோனிபாரே. 1962-இல் லண்டனிற் பிறந்து நைஜீரியாவின் லாகோஸ் நகரில் வளர்ந்த அவர், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சீமாட்டிகளின் பாணியில் உடை தைத்து, தலையற்ற உருவங்கட்கு உடுத்துகின்றார். 2001-இல் அவர் செய்த ‘ஊஞ்சல்’ பெயர்பெற்றது. உடையின் வெட்டு ஐரோப்பியம். துணியோ ஆப்பிரிக்கத் துணி என்று எல்லாரும் எண்ணுவது. உண்மையில் அத்துணி, ஜாவாத் தீவின் பாத்திக் துணியைப் பார்த்து ஒல்லாந்தர் இயந்திரத்தாற் செய்து மேற்கு ஆப்பிரிக்காவில் விற்றது. ஒரு பாவாடையில் மூன்று கண்டங்களின் வாணிகம் அடங்கியிருத்தலை அவர் காட்டிவிட்டார்.

இதனைப் படிக்கும் நம் கடற்கரையார் தம் பங்கையும் நினைத்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புதுச்சேரிப் பகுதியில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணி, ‘கினே’ என்னும் பெயரோடு பிரெஞ்சுக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டிற்குச் சென்றது. அங்கே பிசின் வாணிகத்தில் அது காசுபோல் வழங்கியது. கீழ்புத்துப்பட்டிற்கு அணித்தாய ஊர்களின் தறியும் சாயத்தொட்டியும் ஆப்பிரிக்கரின் உடையைச் சமைத்த காலம் அது. ஷோனிபாரேயின் வினா நமக்கும் உரிய வினாவே. அதற்கு விடைகூறும் நிறுவுகலை நம்மிடத்தும் எழல் வேண்டும்.

நிற்க. உடையும் சிற்பமும் கூடினால் எல்லாம் நன்றே என்று யாம் கூறவில்லை. முதற் சாராரின் அச்சத்தில் ஓரளவு உண்மை உண்டு. உடைப்பாணிக்குப் பின்னே பெருவாணிகம் நிற்கின்றது. வாணிகம் கலைக்கூடத்தைத் தன் கடை வாயிலாக்க முயலும். பாரிஸ் உடை நிறுவனமாகிய டியோர், 2022 ஜனவரியில், சிற்பி ரோதானின் அருங்காட்சியகத் தோட்டத்தில் தன் உடைக்காட்சியை நடத்தியது. அப்போது மண்டபச் சுவர்களில் நம் நாட்டு ஓவியர் மனு பரேக், மாத்வி பரேக் என்னும் இருவருடைய ஓவியங்கள் பெருந்திரைகளாகத் தொங்கின. அவற்றை எம்பிராய்டரியாகத் தைத்தவர் பம்பாயைச் சார்ந்த சாணக்யா தொழிற்கூடத்தார். 2023 மார்ச்சில் அந்நிறுவனமே பம்பாயின் இந்திய நுழைவாயிலின் முன் உடைக்காட்சி நடத்தியபோதும், அத்தொழிற்கூடத்தார் செய்த மாபெரும் தோரணம் அங்கே நின்றது. கைத்தொழில் உயர்ந்த மேடையேறியது நன்றே, தொழிற்கூடத்தின் பெயரும் வெளிப்பட்டது, அதனைப் போற்றுகின்றோம். எனினும் உடை வகுத்தவர் பெயரை உலகெலாம் அறிய, ஊசி பிடித்த ஒவ்வொருவர் பெயரையும் அறிந்தவர் எத்துணையர்?

ஐயனார் குதிரைக்கும் இத்தகைய இடர் நேர்ந்துள்ளது. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவில் ஐயனார் குதிரைகளை வைத்திருக்கின்றனர். அங்கே அவை தென்னாட்டு வாழ்க்கையைக் கற்பிக்கும் பொருட்டு, உரிய வீடுகளோடும் தொழில்களோடும் சேர்ந்து நிற்பதால் அஃது ஏற்புடைத்து. உணவுவிடுதியின் முகப்பிலும் செல்வர் கூடத்திலும் தனித்து நிற்கும் மண்குதிரையின் நிலை வேறு. அதற்குத் தோப்பு இல்லை. துண்டு சாத்துவார் இல்லை. வனைந்த குயவரின் ஊரும் பேரும் இல்லை. அங்ஙனம் நிற்பது அலங்காரமேயன்றிச் சிற்பமும் உடையும் கூடிய கலையன்று.

ஆகவே எம் அளவுகோல் இது. உடுத்த சிலை ஒன்றின்முன் நிற்கும்போது மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். இத்துணியை நீக்கிவிட்டால் சிலையின் பொருள் குறையுமோ? இதனை நெய்தவரும் தைத்தவரும் உடுத்தவரும் இங்கே நினைக்கப்படுகின்றனரோ? நாளை இது நைந்தால், புதுப்பிக்க எவரேனும் வருவரோ? மூன்றிற்கும் ஆம் என்னும் விடை கிடைப்பின், அது பாரிஸில் இருப்பினும் பட்டிக்காட்டில் இருப்பினும் நற்கலையே. இல்லை என்பதே விடையாயின், எத்துணை விலையுயர்ந்த பட்டாயினும் அது விளம்பரமே.

இவ்வளவும் கூறியபின் ஒரு விண்ணப்பம் செய்ய விரும்புகின்றோம். சென்னைக் கடற்கரையில் 1959-இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையை நம் மாணவர் பலரும் கண்டிருப்பர். அதனைச் செய்தவர் சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌதுரி. பாறையை நெம்பும் நால்வரும் அரைக்கச்சே உடுத்திருக்கின்றனர். அவர் உழைப்பாளர் என்பதற்குத் தசைநாரோடு அவ்வுடையும் சான்று. தண்டி யாத்திரையைக் குறித்துத் தில்லியில் நிற்கும் பதினொரு உருவங்களும் அவர் படைப்பே. காந்தியடிகளைப் பின்தொடர்வோர் பலதிறத்தினர் என்பதை அங்கும் உடையே உணர்த்துகின்றது. உப்பும் கதரும் நம் விடுதலைப் போரின் இரு பொருள்கள். அவ்விரண்டும் ஒரு சிற்பத்திற் கூடின.

அவ்வுப்பு இன்றும் விளைகின்ற நிலம் மரக்காணம். அதன் அளங்களில் வேலை செய்யும் பெண்டிர் எத்தகைய உடையர்? சேலையின்மேல் ஆடவர் சட்டை. தலையிற் சும்மாட்டுத் துணி. அச்சட்டை நாகரிகத்திற்காக அணிந்ததன்று. வெயிலையும் உப்பையும் தடுக்க அணிந்தது. உப்புநீர் பட்டுக் காய்ந்த துணி விறைத்து வெண்மை பூக்கும், விரைவில் இற்றுப்போகும். உடைப்பாணியைப் பற்றிய நூல்களில் இவ்வுடைக்கு இடமில்லை. உழைப்பாளர் சிலையிலும் பெண்ணொருத்தி இல்லை.

வரும் ஆண்டுக் கல்லூரி விழாவில், வாடகைக்கு எடுக்கும் ஜிகினாத் தோரணங்கட்கு மாறாக, நம் மாணவரும் மாணவியரும் ஒரு நிறுவுகலையை அமைக்கட்டும். பொருள் உப்பும் உடையுமாக இருக்கட்டும். ‘ஏழையின் கந்தலைக் காட்சிப்பொருளாக்குதல் அவமதிப்பன்றோ?’ என்று வினவுவோர் உளராயின், அவ்வினா நேரியதே. கேளாமல் எடுத்துவந்தால் அவமதிப்பேயாம். ஆதலின் முதற்கண் அளத்திற்குச் சென்று, அவர்களோடு பேசி, இசைவு பெறுக. இற்ற சட்டை ஒன்றைப் பெற்றால் புதுச்சட்டை ஒன்றைக் கொடுக்க. நிறுவுவதில் அவர்களுள் எவரேனும் உடனுழைப்பின், ஒருநாட் கூலியைக் குறையாது அளிக்க. அவர்கள் விரும்பினால் உடைக்கு உரியவர் பெயரை அதனருகே எழுதுக; விழாவிற்கு அவர்களை அழைத்து முன்வரிசையில் அமரச் செய்க. செல்லும் வழியிற் கீழ்புத்துப்பட்டில் இறங்கி, தோப்பினுள் ஒரு நாழிகை இருந்து, பெயரறியாக் குயவர் தம் குதிரைகளை எங்ஙனம் நிறுத்தினர் என்பதைக் கண்டு செல்க. எந்தக் கலைக்கூடத்து நூலும் கற்பியாத பாடத்தை அங்கே கற்கலாம்.

ஆளுக்கு ஆடை பாதியாவது பிறர் கண்ணுக்காக. சிலைக்கு ஆடை பாதியாவதோ, அதனைச் சாத்திய கையை நாம் மறவாமைப் பொருட்டு. அக்கையை மறவாத கலையே நம் நாட்டிற்கு வேண்டுவது. அத்தகைய கலை நம் கல்லூரி முற்றத்தில் முதற்கண் எழுமாக.